பதினெட்டாம் வீட்டிலும் அறுபத்தோராம் வீட்டிலும் மாமா

கல்முனைக்குடி,
08.11.2009

கண்ணியத்துக்குரிய ஸைனுலாப்தீன் மாமாவுக்கு, உங்கள் ராத்தா சபூறாவின் மகள் நுஸைபா ஸலாம் சொல்லி எழுதுவது.

முதலில், நான் எழுதுவதற்கே மன்னிக்க வேண்டும். உங்களுக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. பல்கலைக்கழக வளாகத்தில் படித்த நான்கு வருடமும் கிழமைக்கு ஒருமுறை ஃபோனில் "நல்லா இரிக்கன் மாமா" என்று சொன்னதோடு சரி. இப்போது உங்கள் ஃபோன் ஒன்பது நாளாக வேலை செய்யவில்லை. நேரில் வரலாம்தான். ஆனால் குமர்ப்பிள்ளை ஒருத்தி மாவடிப்பள்ளி வயல்வட்டைக்குத் தனியாக வந்து வாடிக் குடிசை வாசலில் நின்றால் ஊர் அதற்கும் ஒரு கதை கட்டும், ஏற்கெனவே கட்டிய கதை போதும். ஆகவே எழுதி, எங்கள் பதிவு நிலையத்தில் வேலை செய்யும் ஜவுபர் நானாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். கையில் கிடைத்த எந்தக் கடதாசியையும் அவர் வாசிக்காமல் விடமாட்டார் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் உறையின் நாலு பக்கமும் பசை போட்டிருக்கிறேன். பார்த்துக் கிழிக்கவும்.

நீங்கள் நலமென நம்புகிறேன் என்று எழுதுவதுதான் முறை. வாடியில் நுளம்பு வலையும் இல்லை, மழைக்குக் கூரையும் ஒழுகுகிறது என்று கேள்வி. எனவே நலத்துக்குத் துஆச் செய்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். இங்கே உம்மா, வாப்பா சுகம். றாஹிலா மாமி சுகமா என்று தெரியாது, கதவைத் திறந்தால்தானே தெரியும்.

"நுஸைபாட கொம்பியூட்டர் மாமாவக் காட்டிக்குடுத்திட்டு" என்று ஊரில் கதைக்கிறார்கள். அது பிழையான கதை. கொம்பியூட்டர் பாவம். தெரிவில் பிழைவிட்டது நான். அதை உங்களுக்கு விளங்கும்படி சொல்லவேண்டியது என் கடமை. இணையப் பக்கம் ஒன்றைக் கட்டும்போது, "இந்தப் பெயர்களை வரிசையாகக் காட்டு", "இது இருந்தால் அதையும் காட்டு" என்று பக்கத்துக்குள்ளே சின்னச் சின்னக் கட்டளைகள் வைப்போம். அவற்றை டேக் என்போம். எல்லோரும் பாவிக்கவென்று முன்பே செய்து, சோதித்து, தொகுத்துவைத்த டேக்குகள் உண்டு, அது பொதுத் தொகுதி. உலகத்தில் எந்த மூலையில் இருப்பவனும் அதை வாசித்தால் விளங்கிக்கொள்வான். அது நமக்குப் போதாது என்று தோன்றினால் நாமே நமக்கு ஏற்றமாதிரி டேக் செய்யலாம், அது சொந்தத் தொகுதி. வயல்காரரான உங்களுக்குச் சொல்வதானால், வட்டவிதானை முறைப்படி வாய்க்காலில் திறந்துவிடும் தண்ணீர் பொதுத் தொகுதி. முறைக்குக் காத்திராமல் நம் கையால் வரம்பில் வெட்டுகிற வக்கடை சொந்தத் தொகுதி. தண்ணீர் நாம் நினைத்த இடத்துக்கே போகும், வாஸ்தவம். ஆனால் வெட்டிய இடம் வெட்டியவனுக்கு மட்டும்தான் தெரியும். அடுத்தவன் வயல் மூழ்கினால் அவனைத்தான் தேடிவருவார்கள்.

என்னைத் தேடி வந்துவிட்டார்கள் மாமா.

தொடங்கியது உம்மாவால். சுனாமி வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் பதியும் எங்கள் நிலையத்துக்கு, உதவி செய்யும் வெளிநாட்டுக்காரர் ஒரு படிவம் தந்திருந்தார்கள். அதில் முதல் வரி "குடும்பத் தலைவர்". ஒரு தலைவருக்கு ஒரு வீடு என்பது அவர்கள் விதி. தலைவரின் அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத்தான் பட்டியல் வரும், ஒரே இலக்கம் இரண்டாம் முறை வந்தால் பக்கம் அந்த வரியைத் தானாக விட்டுவிடும். எனக்கு மேலே வேலை செய்கிற பாண்டிருப்பு கிசோக் அண்ணன் அதைப் பொதுத் தொகுதியில் அழகாகச் செய்து வைத்திருந்தார். நான் பெருமைக்கு எங்கள் வீட்டு வரியை அச்செடுத்து வந்து உம்மாவிடம் காட்டினேன். உம்மாவுக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். விரல் வைத்து வாசித்து முடித்து, "என்ன புள்ள இது? வாப்பாட ஊடு எண்டு அடிச்சிரிக்கி! வாப்பாக்கு ஏதுகா ஊடு? கலியாணத்தண்டு ஒரு பெட்டியோட வந்த மனிசன். வளவும் ஊடும் என்ட உம்மா எனக்குத் தந்த. எனக்குப் பொறகு ஒனக்கு" என்றார். சோற்றில் கை வைத்திருந்த வாப்பா தலை நிமிராமல், "ஓம், அந்தப் பெட்டியும் சுனாமில போயிட்டு" என்றார்.

அந்தப் பேச்சு என் மண்டைக்குள் இருந்துவிட்டது. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு, ஆண் வந்து இருப்பவன். அதை அந்தப் படிவம் அறியாது. கடல் எடுத்ததெல்லாம் பெண்களுடைய வீடுகள், திரும்பித் தரும்போது மட்டும் ஆண்களுடைய வீடாகத் தருகிறார்கள். கிசோக் அண்ணனிடம் போய், வீட்டுக்கென்று ஒரு டேக் நானே எழுதட்டுமா என்று கேட்டேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "தங்கச்சி, இருக்கிறத எடுத்துப் பாவியுங்க. நாளைக்கு நானும் நீங்களும் இல்லாட்டியும் இத இன்னொராள் வாசிக்கணும். சொந்தமா எழுதுறதெண்டா அது ஒங்கட தலையில" என்றார். பிறகு, பாவம், என் முகத்தைப் பார்த்து, "எழுதுங்க, எழுதுங்க. எங்கட ஊர்லயும் ஊடு பொம்புளைக்குத்தானே" என்றும் சொன்னார். இரண்டாவது சொன்னதைத்தான் நான் கேட்டேன்.

எழுதினேன். பொது டேக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும், அதற்கு மேல் அதற்கு ஆசையில்லை. நான் எழுதிய டேக் பெண்ணின் பெயரை எடுக்கும், அந்த வீட்டை அவள் பெயரில் காட்டும், பிறகு காவின் எனும் கலியாணப் பதிவுகளுக்குள் போய் அவள் கணவன் யாரென்று தேடிக் கண்டுபிடித்து, அவனைக் கூட்டிவந்து அவள் பெயருக்குக் கீழே இருத்தும். தேடச் சொல்லிப் பழக்கினால் அது எதையெல்லாம் கண்டுபிடிக்கும் என்று நான் யோசிக்கவில்லை. முதல் கிழமையே ஒரு மனிதர் வியர்த்து விறுவிறுத்து வந்து மேசையில் அடித்தார். மகளுக்குக் காவின் எழுதியாகிவிட்டது, மாப்பிள்ளை அழைப்பு ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகுதான். ஆனால் எங்கள் இணையப் பக்கத்தில் மாப்பிள்ளை ஏற்கெனவே அந்த வீட்டில் குடியிருக்கிறார். "நான் பந்தல் போடல்ல, சோறு ஆக்கல்ல, புள்ளைக்கு இன்னும் சாரி எடுக்கல்ல. நீங்க எப்பிடி மாப்பிள்ளையக் கொண்டுவந்து என்ட ஊட்டுக்குள்ள உட்ட?" என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டு, அந்த மாப்பிள்ளையைத் தாய் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவைத்தேன். அதை ஒரு சகுனமாக எடுத்திருக்கவேண்டும். எடுக்கவில்லை. கிசோக் அண்ணன் சிரித்தார், நானும் சிரித்தேன்.

மற்றது உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதினால்தான் எனக்கு ஆறும். போன மாதம் முப்பதாம் திகதி ஜும்ஆ முடிந்த கையோடு, பள்ளிக்கு எதிரே உள்ள எங்கள் நிலையச் சுவரில் ஜவுபர் நானா பட்டியலை ஒட்டினார். நான் உள்ளே ஜன்னல் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஆண்கள் எல்லோரும் வீட்டுக்குப் போகத்தான் பார்த்தார்கள் மாமா. அவர்களை நிறுத்தியது நீங்கள். தொப்பியைக்கூடக் கழற்றாமல் நடுவீதியில் நின்று, "வாங்க, வந்து பாருங்க, இது என்ட மருமகள் கொம்பியூட்டர்ல செஞ்சது" என்று கூப்பிட்டீர்கள். எங்கள் பரம்பரையில் எழுத்து வேலைக்குப் போன முதல் பிள்ளை என்று யாருக்கோ சொன்னீர்கள். எனக்கு அந்தப் பழைய கொம்பியூட்டரை உழவு மெசின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, முட்டை கொண்டுவருவதுபோல நீங்கள் ஏற்றிவந்த நாள் ஞாபகம் வந்தது. பிறகு, "ஜவுபர், சத்தமா வாசிங்க, வயசாளிகளுக்கும் கேக்கட்டும்" என்றீர்கள்.

அவர் சத்தமாகத்தான் வாசித்தார். "பதினெட்டு. வீட்டு உரிமையாளர் றாஹிலா. கணவர் ஸைனுலாப்தீன்." நீங்கள் எல்லோரையும் பார்த்துத் தலையாட்டினீர்கள். ஜவுபர் நானா நிறுத்தாமல் போனார். முப்பது, நாற்பது, ஐம்பது. ஒரு தாளம் பிடித்துக்கொண்டு வாசித்தார். "அறுபத்தொண்டு. வீட்டு உரிமையாளர் கமீலா. கணவர் ஸைனுலாப்..." என்று வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். "இது வேற ஸைனுலாப்தீனாக்கும்" என்று யாரோ நல்ல மனிதர் சொன்னார். ஜவுபர் நானா உதவி செய்வதாக நினைத்து இரண்டு வரியிலும் உள்ள அடையாள அட்டை இலக்கத்தைச் சத்தமாக ஒப்பிட்டார். ஒன்பது எண்ணும் ஒன்றுதான், கடைசி எழுத்தும் ஒன்றுதான். "நாம ஒரு ஊட்டுக்கு அஞ்சு வருசமா அலையிறம், மாமாக்குப் பாத்தீங்களா, மாஷா அல்லாஹ்!" என்று ஒரு குரல் வந்தது. அதன் பிறகு நான் ஜன்னலால் பார்க்கவில்லை. அந்த இரண்டு வரியையும் அப்போதுதான் நான் முதன்முதலில் அறிந்தேன் என்பதை நீங்கள் நம்பவேண்டும்.

பின்நேரம் உம்மாவும் நானும் றாஹிலா மாமியின் தற்காலிக வீட்டுக்குப் போனோம். மாமி அழவில்லை. உங்கள் சாரன்கள், சவர சாமான், அந்தச் சிவப்பு ரேடியோ எல்லாவற்றையும் ஒரு உரப்பையில் போட்டு வாசலில் வைத்துக்கொண்டிருந்தார். "வட்டைக்குத் தண்ணி பாக்கப் போறன் எண்டாரு. வெட்டு முடிஞ்சி, வாய்க்கால் காஞ்சி கெடக்கக்குள்ளயும் தண்ணி பாக்கப் போனாரு. நானும் தேமேண்டு சோறு கட்டிக் குடுத்தனே!" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சண்டை காலத்தில வரச் சுணங்கினா 'செக்பொயின்ட்ல நிப்பாட்டிட்டான்' எண்டுவாரு. வைகாசியோட சண்டை முடிஞ்சிது, பொயின்ட்டும் எடுத்தாச்சி. இவர் மட்டும் இன்னும் செக்பொயின்ட்லயே நிக்கிறாரே எண்டு நான் அண்டைக்கே யோசிச்சிரிக்கணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கதவு அவருடையது, நாங்கள் திரும்பி வந்தோம். மாவடிப்பள்ளியிலும் அதேதான் என்று கேள்வி. கமீலா இருப்பது தன் ராத்தா வீட்டில். "றாஹிலாக்கு எல்லாம் தெரியும், சம்மதம் எண்டுதானே சொன்னாரு?" என்று அந்த ராத்தாவும் படலையைப் பூட்டிவிட்டாராம். அறுபத்தோராம் வீட்டிலும் பதினெட்டாம் வீட்டிலும் பெயர் இருக்கிற மனிதருக்கு ஒழுகுகிற வாடிதான் கதி என்றால், அதற்கு நான்தான் பொறுப்பு.

இப்போது அதைவிடப் பெரிய சங்கடம். பட்டியலை உதவிக்காரர்களும் பார்த்துவிட்டார்கள். ஒரே ஆள் இரண்டு வீட்டில் என்று சிவப்பால் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். வியாழக்கிழமைக்குள் தீராவிட்டால் பிந்திப் பதிந்த வீட்டை வெட்டுவார்கள். அது கமீலாவின் வீடு. பள்ளித் தலைவரும் வாப்பாவும் கூடிக் கதைத்து, பழையபடி பொதுத் தொகுதிக்கே மாற்றிப் புதிய பட்டியல் ஒட்டுவதுதான் எல்லோருக்கும் மரியாதை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் உங்கள் பெயர் ஒரே ஒரு இடத்தில், குடும்பத் தலைவராக, பதினெட்டாம் வீட்டில் வரும். மற்ற வரி தானாகவே இல்லாமல் போகும். முதல் பட்டியல் கொம்பியூட்டர்ப் பிழை என்று நாலு பேரிடம் சொன்னால் பெருநாளைக்குள் ஊர் மறந்துவிடும் என்கிறார்கள். நாளைக் காலை அதைச் செய்துவிடுவேன். அறியாமல் செய்த பிழைக்கு மாமா என்னை மன்னிக்கவேண்டும். அகலக்கால் வைக்காமல், மற்றவர்கள் செய்து வைத்ததை அடக்கமாக எடுத்துப் பாவிக்கத் தெரியாத என் படிப்புக் குறையை உங்கள் குறையாக எடுக்கவேண்டாம்.

அல்லாஹ் உங்களுக்கு உடல் சுகத்தையும், இந்தப் பெரும்போகத்தில் நிறைந்த விளைச்சலையும், எந்த வாசலிலாவது ஒரு திறந்த கதவையும் தருவானாக. வாப்பா ஸலாம் சொல்லச் சொன்னார். உம்மா இப்போதைக்கு ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
என்றும் உங்கள் கடமைப்பட்ட மருமகள்
நுஸைபா

பி.கு: இதுவரை எழுதியதை வாப்பா வாசித்து, "நல்ல மரியாதையாத்தான் எழுதியிரிக்காய்" என்று சொல்லிவிட்டு அசர் தொழப் போயிருக்கிறார். இனி எழுதுவது அவருக்குத் தெரியாது. உம்மாவுக்குத் தெரியும், பக்கத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

மாமா, ஜன்னலுக்குப் பின்னால் நின்றபோதுதான் அறிந்தேன் என்று மேலே எழுதியது பொய். எனக்கு ஆடி மாதமே தெரியும். பதிவு நாளில் கமீலா என் மேசைக்குத்தான் வந்தார். காவின் கடதாசியை எட்டாக மடித்துக் கையில் பொத்தி வைத்திருந்தார். கணவர் பெயர் கேட்டபோது சொல்லாமல் கடதாசியை விரித்துக் காட்டினார். நான் வாசித்துவிட்டு நிமிர்ந்ததும், "ஒங்கட மாமா எண்டு எனக்குத் தெரியும் மகள். பேரு போட ஒங்களுக்கு ஏலாட்டி உடுங்க. ஊட்ட மட்டும் எழுதுங்க. புள்ளையள் ரெண்டோட ராத்தாட அடுப்படியில அஞ்சு வருசம் படுத்திட்டன்" என்றார். சுனாமியில் அவருக்குப் போனது முதல் புருஷன் மட்டும் இல்லை, தாய் கொடுத்த வீடும்தான். பெயரை விட்டால் அது பொய்ப் படிவம், பிடிபட்டால் வீடே போய்விடும். உங்கள் பெயரையும் இலக்கத்தையும் அடித்தது இந்தக் கைதான். டேக் தேடிக் கண்டுபிடித்தது என்னவோ உண்மை. ஆனால் அது தேடிய இடத்தில் வைத்தது நான்.

பட்டியல் ஒட்டுவதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை கிசோக் அண்ணனும் கண்டுவிட்டார். "தங்கச்சி, பதினெட்டும் அறுபத்தொண்டும் ஒரே நம்பர். பிழையா, உண்மையா?" என்றார். உண்மை என்றேன். "அப்ப என்ட பழைய பக்கத்தையே போடவா? ஒருத்தருக்கும் ஒண்டும் தெரிய வராது. ஆனா ரெண்டாவது வரி போயிடும்" என்றார். வேண்டாம் என்றேன். அவ்வளவு சத்தமாக நான் ஒரு அலுவலகத்தில் கதைத்தது அதுதான் முதல் தடவை.

ஆகவே சொந்தத் தொகுதியைத் தெரிந்தெடுத்ததற்கு நான் வருந்தவில்லை. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் மூன்று நாள் இருந்தது. அதற்குள் உங்கள் முன்னால் வந்து நின்று, "மாமா, இப்படி வரப்போகிறது, நீங்களே முதலில் மாமியிடம் சொல்லிவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களை அந்தச் சுவருக்கு முன்னால் பெருமையோடு நிற்க விட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம் முழுவதும் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், வேறு காரணம் எழுதி. நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்க எனக்கு வயதில்லை, அது உங்களுக்கும் அவர்கள் இரண்டு பேருக்கும் அல்லாஹ்வுக்கும்.

நாளைக் காலை பட்டியலை மாற்றுவேன் என்று எழுதியதும் நடக்காது. மாற்ற மாட்டேன். வேலை போனால் போகட்டும். நேற்று உம்மா மறுபடி றாஹிலா மாமியின் கதவடியில் நின்று கதைத்தார். மாமி திறக்காமலே, "அவள்ள ஊட்ட வெட்டச் சொல்லி நான் எங்கயும் கேக்கல்ல. அவள்ள ஊடு அவள்ள, என்ட ஊடு என்ட. இவர்ர கதைய மட்டும் இஞ்ச எடுக்காதீங்க" என்றாராம். கிசோக் அண்ணன் உதவிக்காரர்களிடம் கேட்டுவிட்டார். கணவன் இரண்டு வீட்டிலும் தனக்கு உரித்து இல்லை என்று சமாதான நீதவான் முன்னால் எழுதிக் கொடுத்தால், இரண்டையும் பெண்களின் பெயரிலேயே ஏற்றுக்கொள்வார்களாம். அந்தச் சத்தியக் கடதாசியை நானே அடித்து இதற்குள் வைத்திருக்கிறேன். "பதினெட்டாம் வீடு றாஹிலாவுடையது. அறுபத்தோராம் வீடு கமீலாவுடையது. இரண்டிலும் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. அவர்கள் அனுமதித்தால் வந்து இருப்பேன்."

கடைசி வசனம் சட்டத்துக்குத் தேவையில்லை, உம்மா சொல்லி அடித்தது. உங்களுக்கு அது பாரமாக இருந்தால் வெட்டிவிடுங்கள். ஆனால் புதன்கிழமை காலை பத்து மணிக்கு அடையாள அட்டையோடு சமாதான நீதவான் வீட்டுக்கு வந்து, கையெழுத்தை மட்டும் போட்டுத் தாருங்கள் மாமா.